காந்தக் கொக்கியில் ஒரு பச்சை பட்டன்

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. தன் பெயரைத் தாளில் பார்த்தாலே யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள் என்று பதறிப்போகிற ஆள் அவர். கப்பலில் எல்லோரும் லாண்டரி மாஸ்டர் என்றார்கள். நான் அண்ணா என்றேன். எனக்குக் கோபம் வந்தால் ஒன்றும் சொல்லிக் கூப்பிடமாட்டேன். அப்படி ஒன்றும் சொல்லாமல் இருந்த ஒரு நாளைப் பற்றித்தான் எழுத வேண்டும், ஆனால் அதற்கு முன்னால் ஆளைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என்னைத் திட்டுவதற்கு உங்களுக்குச் சரியான காரணம் கிடைக்காது.

கப்பலில் சேர்ந்த முதல் நாள். வடக்கே, கரையை ஒட்டியே ஊர் ஊராக நின்று போகிற சுற்றுலாக் கப்பல். பயணிகளின் அறைகளைக் கூட்டித் துடைத்துப் படுக்கை விரிக்கிற வேலை எனக்கு. வேலைக்காரர்களுக்கான லிஃப்ட் வராமல் கடுப்பாகி, "இன்னா எழவு லிஃப்ட்டுடா இது" என்று வாய்விட்டுச் சொன்னேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"லிஃப்ட்டு இல்லம்மா, கேஜுன்னு சொல்லு. வந்துரும். நீ எந்த லைனு?"

கோலார் தங்கவயலில் வளர்ந்தவர்கள்தான் இந்தக் கேள்வியைக் கேட்பார்கள். சுரங்கத் தொழிலாளர் வீடுகள் வரிசை வரிசையாக இருக்கும், அதுதான் லைன். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றுகிற கூண்டுதான் கேஜ். திரும்பிப் பார்த்தால் ஐம்பது வயசு மனிதர், வெள்ளைக் கோட்டு, ரப்பர் செருப்பு, தோள்வரை அழுக்கு பெட்ஷீட் மூட்டை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ராபர்ட்சன்பேட்டை என்றேன்.

"அப்போ நீ டவுனு ஆளு. நாங்க மாரிகுப்பம். ஒரிஜினல்" என்று சிரித்தார்.

அவருக்குக் கப்பல் என்பது தலைகீழாக நிறுத்தின சுரங்கம். தளங்களை லெவல் என்பார். லாண்டரி இருந்தது அடித்தளத்தில், கடல் மட்டத்துக்கும் கீழே. பெட்ஷீட்டை இழுத்துத் தேய்க்கிற பெரிய உருளை மெஷினின் சூட்டில் அந்த இடம் கொதிக்கும். வெளியே பனிமலையாக இருக்கும், உள்ளே அவர் பனியனோடு வியர்த்துக்கொண்டிருப்பார். "எங்கப்பா வேலை செஞ்ச லெவல்ல இதைவிட சூடு. இங்க ஏசி மாரி இருக்குது" என்பார். ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் மறையாது. வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த வெளிச்சத்தில் சாம்பலும் வெள்ளையுமாகக் கிடந்த மலைகளை முதல்முறை பார்த்து நான் வாயைப் பிளந்தபோது பக்கத்தில் வந்து நின்று, "நம்மூரு சயனைடு மேடு மாரியே இல்ல?" என்றார். தங்கம் பிரித்தபின் கொட்டின மண் எங்கள் ஊரில் அப்படித்தான் மலைமலையாகக் கிடக்கும். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பாட்டி எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே கூடச் சிரித்தாள்.

அவரிடம் ஒரே ஒரு பைத்தியம் இருந்தது. கரைக்கு இறங்கினவர்கள் எல்லோரும் திரும்பி ஏறினார்களா என்று தெரியாமல் அவருக்குச் சோறு இறங்காது.

லாண்டரியில் கழன்று விழுகிற பட்டன்களை ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு வைத்திருந்தார். எங்கள் பக்கத்து ஆட்கள் ஆறு பேருக்கும் ஆளுக்கொரு பட்டன். எனக்கு யாரோ சீமாட்டியின் கோட்டிலிருந்து விழுந்த பெரிய பச்சை பட்டன், நாலு ஓட்டை. ஊர் சுற்ற இறங்குகிறபோது பட்டனை அவரிடம் கொடுக்க வேண்டும். லாண்டரியின் இரும்புச் சுவரில் காந்தக் கொக்கிகள் வரிசையாக ஒட்டியிருக்கும், அதில் மாட்டிவிடுவார். திரும்பி வந்ததும் நாமே போய் எடுத்துக்கொள்ள வேண்டும். இன்னொருத்தர் நமக்காக எடுக்கக் கூடாது. அதில் மட்டும் ரொம்பக் கறார். "அவங்கவங்க கையாலதான் எடுக்கணும். நான் மூஞ்சிய பாக்கணும்ல?"

கப்பலிலேயே அதற்கு ஏற்பாடு இருந்தது. கரைக்கு இறங்குகிற படிப்பாலத்துக்கு கேங்வே என்று பெயர். அங்கே மெஷினில் நம் கார்டைக் காட்டினால் டிங் என்று ஒரு சத்தம். இறங்கினால் ஒரு டிங், ஏறினால் ஒரு டிங். யார் உள்ளே, யார் வெளியே என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும். இதைச் சொல்லி அவரைக் கிண்டல் பண்ணுவோம். "அதுக்கு கார்டுதான் தெரியும், மூஞ்சி தெரியாது" என்பார்.

சொன்ன மாதிரியே ஒருநாள் நடந்தது. கிச்சனில் காய் நறுக்குகிற பங்காருப்பேட்டை ஆள் ஒருவர், நண்பரோடு மலைப்பாதையில் ஏறப் போனார். இருவர் கார்டும் ஒரே உறையில், நண்பரின் பாக்கெட்டில். பாதி வழியில் இவர் பின்தங்கிவிட, நண்பர் அது தெரியாமல் வந்து இரண்டு கார்டையும் மெஷினில் காட்டிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். கம்ப்யூட்டரில் இரண்டு பேரும் உள்ளே. கொக்கியில் மட்டும் ஒரு கறுப்பு பட்டன். மாஸ்டர் தேடிக்கொண்டு போய், கால் பிசகி ஒரு பாறையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த மனிதரை முதுகில் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு பிலிப்பைன்ஸ் பெண்கள்கூட வரிசையில் நின்று பட்டன் வாங்கினார்கள். என் அறையில் இருந்த மாரிசெல் சிவப்பு பட்டனுக்காகச் சண்டையே போட்டாள்.

இந்தப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் அவரே சொன்னார். சுரங்கத்தில் கீழே இறங்குகிறவன் டோக்கன் வாங்கிக்கொண்டு போவான், ஷிஃப்ட் முடிந்து மேலே வந்ததும் திருப்பிக் கொடுப்பான். கொடுக்கவில்லை என்றால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். ஒருநாள் ஒரு டோக்கன் வரவில்லை. இரண்டு பேர் தேடி இறங்கினார்கள்.

"அந்த ஆளு டோக்கனை ஜோபில வெச்சினு வீட்ல களி துன்னுனு இருக்கறான். இவங்க கீழ அவன் பேரச் சொல்லிக் கூவினு இருக்கறாங்க. அப்போ பாறை வெடிச்சிது. ஏர் பிளாஸ்ட்டு. ரெண்டு பேர்ல ஒர்த்தர் எங்கப்பா. முட்டிக்குக் கீழ கால் போச்சு."

நாங்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டோம்.

"அப்புறம் அந்த ஆள இன்னா பண்ணாங்க?" என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரிக்கு வந்து எங்கப்பா காலப் புடிச்சினு அழுதான். இன்னொரு கால" என்று சொல்லி அவரே சிரித்தார். "எங்கப்பா இன்னா சொன்னாரு தெரியுமா? நீ மேலதான் இருந்தியா, அப்பாடா, போதும்டான்னாரு."

ஆக, எனக்கு எல்லாம் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை.

அவருக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். இத்தனை கான்ட்ராக்ட் ஒழுங்காக முடித்தவர்கள், வீட்டு ஆளை ஒரு பயணம் கூடவே கூட்டிக்கொண்டு வரலாம் என்று எங்கள் கப்பலில் ஒரு சலுகை. அந்தக் கணக்கில் அவருக்கு அதுதான் கடைசி கான்ட்ராக்ட், முடிய இன்னும் ஏழே வாரம். மறையாத சூரியனைப் பற்றி மனைவியிடம் போனில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். அந்த அம்மா நம்பவே மாட்டாராம். "கதை வுடாதன்றா. இஸ்துனு வந்து நிக்க வெச்சி காட்டறேன், அப்போ இன்னா சொல்றான்னு பாக்கறேன்." அந்த அம்மாவுக்கென்று லாண்டரி அலமாரியில் ஒரு கம்பளி ஸ்வெட்டர்கூட வாங்கித் துவைத்து மடித்து வைத்திருந்தார்.

இப்போது என் கோபம்.

ஒரு துறைமுகத்தில் நான் ஏற வேண்டிய நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் வந்தேன். தாமதமில்லை, ஆனால் இவருக்கு அது போதுமே! என் பச்சை பட்டனைக் கையில் வைத்துக்கொண்டு கேங்வே வாசலில் வந்து நின்றிருக்கிறார். நான் படிப்பாலத்தில் கால் வைத்ததும் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, "ஏறிட்டா! ஏறிட்டா!" என்று கத்தினார். பயணிகள், அதிகாரிகள், என் சூப்பர்வைசர், அத்தனை பேரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். மறுநாள் காலையில் சூப்பர்வைசர் என்னை 'மிஸ் கிரீன் பட்டன்' என்று கூப்பிட்டார். மத்தியானத்துக்குள் கப்பல் முழுக்க அதுவே என் பெயர்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயசு. ஊரிலே அண்ணன்கள், அம்மா, பக்கத்து வீடு, எதிர்த்த வீடு என்று அத்தனை பேரும் எங்கே போனாய், எப்போது வந்தாய் என்று கேட்டுக் கேட்டுத்தான் நான் கப்பலுக்கே ஓடிவந்தேன். நேராக லாண்டரிக்குப் போய் அவர் முன்னால் நின்றேன்.

"நான் இன்னா சின்னக் கொழந்தையா? என் மானத்த வாங்கறீங்களே!"

அவர் தேய்த்துக்கொண்டிருந்த துணியை வைத்துவிட்டார். "தப்புதாம்மா. சந்தோஷத்துல கத்திட்டேன். இனிமே மெதுவா சொல்றேன்."

மெதுவாகச் சொல்கிறாராம்! சொல்வதை விடமாட்டாராம். எனக்கு இன்னும் எரிந்தது.

அடுத்த ஊர் சின்னது. சிவப்பும் மஞ்சளுமாக மர வீடுகள், ஒரு சர்ச், பின்னால் ஒரு மலைப்பாதை, அவ்வளவுதான். பேச்சுக் கொடுக்காமல் பட்டனை மேஜையில் வைத்துவிட்டு இறங்கினேன். மழை பிடித்துக்கொண்டது. ஒரு மணிக்கெல்லாம் திரும்பி வந்து, டிங் என்று கார்டைக் காட்டிவிட்டு, லாண்டரிப் பக்கம் போகாமல் நேராக என் அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன். இன்றைக்கு ஒரு நாள் தவிக்கட்டும் என்று நினைத்தேன். இந்த வார்த்தையைத்தான் நினைத்தேன். தவிக்கட்டும்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் அறையில் போன் அடித்தது. அவர்தான் என்று தெரியும். எடுக்கவில்லை. திரும்ப அடித்தது. தலையணையை முகத்தின் மேல் போட்டுக்கொண்டேன். மூன்றாவது முறையும் அடித்து நின்றது. பெண்கள் அறை இருக்கிற பக்கம் அவர் கால் வைக்கமாட்டார், அந்த மரியாதை அவருக்கு உண்டு. மாரிசெல் மேல்தளத்தில் வேலையில் இருந்தாள். கதவைத் தட்ட வேறு ஆள் இல்லை. நிம்மதியாகத் தூங்கிவிட்டேன்.

ஒலிபெருக்கி எழுப்பியது. அவர் பெயரைச் சொல்லி, உடனே கேங்வேக்கு வரவும் என்றது. இரண்டாம் முறை, மூன்றாம் முறை. போட்டது போட்டபடி மேல்தளத்துக்கு ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். நான்கு மணி என்றால் நான்கு மணி, வேலைக்காரனுக்காகக் கப்பல் நிற்காது. கரைக்கும் எங்களுக்கும் நடுவே தண்ணீர் அகலமாகிக்கொண்டே வந்தது.

மலைப்பாதை முடிகிற இடத்திலிருந்து அவர் ஓடி வந்தார். வெள்ளைக் கோட்டு நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. ஒரு காலில்தான் செருப்பு. துறைமுகத்தின் விளிம்பில் வந்து நின்று கப்பலைப் பார்த்தார். நிறுத்தச் சொல்லிக் கத்துவார் என்று நினைத்தேன். அவர் கண் தளம் தளமாக மேலே ஏறி வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற என்மேல் நின்றது.

இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார்.

அவர் கத்தினது காதில் விழவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. அந்த மழையில், வேலை போய்க்கொண்டிருக்கிறபோது, மனிதர் சந்தோஷத்தில் குதித்துக்கொண்டிருந்தார். நான் பதிலுக்குக் கை ஆட்டவில்லை. கம்பியை விடவே எனக்குக் கை வரவில்லை.

இரண்டு நாள் பஸ்ஸில் வந்து, வேறொரு துறைமுகத்தில் கப்பலைப் பிடித்தார். விசாரணை அரைமணி நேரம்கூட நடக்கவில்லை. கம்ப்யூட்டர் ஆள் உள்ளே என்று சொல்லும்போது, பட்டனை நம்பிக் கரைக்குப் போய்க் கப்பலை விட்டவர் என்று எழுதி முடித்துவிட்டார்கள். மறுநாளே ஊருக்கு. கான்ட்ராக்ட் முடியவில்லை, அதனால் சலுகையும் இல்லை. நான் போய், போன் அடித்ததைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர்மேல் பாதித் தப்பாவது குறைந்திருக்கும். அதிகாரியின் கதவுவரை இரண்டு தடவை போனேன். என் வேலையும் போய்விடுமே என்று இரண்டு தடவையும் திரும்பி வந்துவிட்டேன். தூ, என்ன ஜென்மம்!

பெட்டியை எடுக்க அவரைக் காவலாளி கூட்டி வந்தபோது நடைபாதையில் நான் துணி வண்டியோடு நின்றிருந்தேன்.

"கை காட்டினேனே, பாத்தியாம்மா?"

"பார்த்தேன்ண்ணா."

"போன் அடிச்சனே?"

"தூங்கிட்டேன்ண்ணா. பட்டன் எடுக்க மறந்துட்டேன்."

ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தார். கோட்டுப் பையிலிருந்து பச்சை பட்டனை எடுத்தார். தேடப் போகும்போது கையோடு கொண்டுபோயிருக்கிறார். காவலாளி நேரமாச்சு என்றார். அவர் பட்டனைத் திரும்பப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டார். "அவசரத்துல வேணாம். ஊருக்கு வந்து எடுத்துக்க."

நான் அடுத்த வருஷமே கப்பலை விட்டுவிட்டேன். இப்போது பெங்களூரில் ஒரு ஹோட்டலில் வேலை. தங்கவயலில் பாதிப் பேரைப் போல விடியலில் ரயில் ஏறி, சாயங்காலம் ரயிலில் திரும்புகிறேன். உரிகம் ஸ்டேஷனில் இறங்கிக்கொள்வேன். மாரிகுப்பம் அங்கிருந்து இரண்டே ஸ்டேஷன், அதோடு தண்டவாளம் முடிகிறது. நாலு வருஷமாக அந்த இரண்டு ஸ்டேஷனைத் தாண்ட எனக்குத் தைரியம் வரவில்லை.

போன மாதம் அசதியில் தூங்கிவிட்டேன். ஒரு அம்மா தோளைப் பிடித்து உலுக்கினார்.

"ஏம்மா, எந்திரி. லாஸ்ட்டு. எறங்கு."

கண்ணைத் திறந்தால் பெட்டி காலி. அந்த அம்மா என்னை எழுப்பிவிட்டு அடுத்த சீட்டுக்குக் குனிந்து பார்த்தார், அதற்கடுத்ததையும். எதையாவது தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்லம்மா. கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போய்ட்டு வர்றேன், கால் கடுக்குது. ஆனா பொட்டில யாரும் தூங்கினு இல்லியேன்னு பாத்துட்டுத்தான் எறங்கணும். எங்க வூட்டுக்காரரு வெளிய நின்னுனு இருப்பாரு. மொதக் கேள்வியே அதான். கப்பல்ல வேலை செஞ்ச மனுசன், கொஞ்சம் அப்டி இப்டி."

நான் எழுந்திருக்காமல் அவர் முகத்தையே பார்த்தேன். அந்த அம்மா கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

ஸ்டேஷன் வாசலில் தகரம் அடித்த ஒரு இஸ்திரிக் கடை. அதன் முன்னால் நின்று, இறங்கி வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கையைப் பாதிவரை தூக்கி, ஏதோ நினைவு வந்தவர் மாதிரி இறக்கிக்கொண்டார். பிறகு மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ஏறிட்டியா" என்றார்.

கடைக்குள் தகரச் சுவரில் ஒரே ஒரு காந்தக் கொக்கி. அதில் என் பச்சை பட்டன்.

உட்காரக்கூட இல்லை, கொட்டிவிட்டேன். "நான் மறக்கலண்ணா. அப்போ தூங்கவும் இல்ல. நீங்க போன் அடிச்சது மூணு தடவையும் கேட்டுச்சு. வேணும்னேதான் எடுக்கல. அதிகாரிகிட்டயும் சொல்லல."

"தெரியும்மா."

"எப்போ தெரியும்?"

"நீ கப்பல் மேல நின்னப்போவே. மறந்துபோனவளா இருந்தா, ஐயோண்ணான்னு கைய ஆட்டிக் கத்தியிருப்பா. நீ கம்பிய வுடவே இல்ல."

"கோபம் வரலியா?"

"வராம? பஸ்ஸுல ரெண்டு நாளும் வந்துச்சு. ஊருக்கு வந்தும் வந்துச்சு." இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "ஆனா மலை மேல மழையில உன் பேரச் சொல்லிக் கூவினு ஓடனேன் பாரு, அப்போ வந்த பயம் இதவிடப் பெருசும்மா. நீ கீழ எங்கியும் இல்ல. மேல இருந்த. போதும்."

நான் அழுதேன். அந்த அம்மா ஸ்டவ்வைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். ஜூன் மாதத்தில், மாரிகுப்பத்தில், வடக்குக் கடல் குளிருக்கு வாங்கின ஸ்வெட்டரைப் போட்டிருந்தார். கண்ணாடி டம்ளரை என் முன்னால் வைத்தார்.

"அவருக்குப் போதும். எனக்குப் போதாது. முழுகாத சூரியனப் பாக்கணும்னு இருந்தேன். எனக்கு இன்னும் கோவம் போகல. டீ குடி."

குடித்தேன். இஞ்சி போட்ட டீ. நான் கிளம்ப எழுந்தபோது அவர் சுவரைக் காட்டினார்.

"எடுத்துக்கம்மா. அவங்கவங்க கையாலதான் எடுக்கணும்."

கொக்கிவரை கையைக் கொண்டுபோனேன். பட்டனைத் தொட்டும் பார்த்தேன். எடுக்கவில்லை.

"நாளைக்குக் காலைல வேலைக்குப் போறேன்ண்ணா. இங்கியே இருக்கட்டும். சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன்."

அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா டம்ளர்களைக் கழுவிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் சொன்னார்.

"எத்தனாவது பொட்டில ஏறுவ, சொல்லு. நான் வந்து எழுப்பறேன்."